கிணற்று எஞ்சினின் உஷ்ணக் கணக்கு

இறவைப் பாசனம் செய்யும் குடியானவர் ஒருவரிடம் அவருடைய எண்ணெய் எஞ்சின் மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கிறதென்று கேட்டால், அவர் தடையின்றி விடை சொல்லுவார். அந்த டீசலில் எவ்வளவு பாகம் கிணற்று நீரை மேலே ஏற்றுவதற்குப் பயன்படுகிறது, எவ்வளவு பாகம் வேறு வழியிற் போகிறது என்று கேட்டால், விடை கூறுவோர் மிகச் சிலரே. இது அவருடைய குறையன்று. எஞ்சினை விற்பவரும் பழுது பார்ப்பவரும் இதனை எடுத்துச் சொல்லும் வழக்கம் இல்லை. பொறியியற் கல்லூரிகளில் யந்திரப் பகுதி மாணவர்களுக்கு ஆரம்ப வகுப்புக்களிலேயே உஷ்ண இயக்கவியல் என்றொரு சாஸ்திரம் கற்பிக்கப்படுகிறது. அவர்களிற் பலர் அதனைச் சூத்திரங்கள் நிறைந்த கடினமான பாடமென்று அஞ்சுவதுண்டு. ஆனால் அச்சாஸ்திரம் பிறந்ததே மேற்சொன்ன கேள்விக்கு விடை காணும் பொருட்டாகும். அதன் முதற் பாடங்களைக் கிணற்று மேட்டில் நின்றுகொண்டே அறிந்துகொள்ளக் கூடும். அறிந்தால் எண்ணெயும் மிச்சப்படும்.

உஷ்ணத்தைக் கொண்டு வேலை வாங்க மனிதன் முதன்முதலில் முயன்றதே நீர் இறைப்பதற்காகத்தான். இங்கிலாந்தில் சுரங்கங்களில் ஊறிய நீரை வெளியேற்றும் பொருட்டு 1698-ல் தாமஸ் ஸேவரி என்பவர் நீராவியால் இயங்கும் கருவியொன்றுக்கு உரிமை பெற்றார். 1712-ல் தாமஸ் நியூகாமன், டட்லி என்னும் ஊரின் அருகில் தமது நீராவி எஞ்சினை நிறுவினார். அது எரித்த நிலக்கரியின் உஷ்ணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலிலேயே அந்த எஞ்சின் நின்றபடியால் அதனைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. பிறகு ஜேம்ஸ் வாட் 1769-ல் உரிமை பெற்ற திருத்தத்தினால் கரிச்செலவு வெகுவாகக் குறைந்தது.

கார்ன்வால் என்னும் தென்மேற்குப் பகுதியிலோ தாமிரமும் வெள்ளீயமும் கிடைத்தனவேயன்றிக் கரி கிடைக்கவில்லை. கரி முழுவதும் வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. ஆகவே அங்குள்ளவர்கள் ஒவ்வொரு கூடைக் கரிக்கும் கணக்குப் பார்த்தனர். 1811-ஆம் வருஷம் முதல் ஜோயல் லீன் என்பவர் அப்பகுதிச் சுரங்க எஞ்சின்கள் ஒவ்வொன்றும் ஒரு புஷல் கரிக்கு எத்தனை பவுண்டு நீரை ஓர் அடி உயரம் தூக்கியது என்பதை அளந்து மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார். தொடங்கிய காலத்தில் எஞ்சின்களின் சராசரி 2 கோடி அடி-பவுண்டுக்கு உட்பட்டே இருந்தது. 1835-ல் ஃபோவி கன்ஸால்ஸ் சுரங்கத்தில் நடந்த பரீட்சையில் ஓர் எஞ்சின் 12½ கோடியை எட்டியது. இடையில் புதிய சாஸ்திரம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பக்கத்துச் சுரங்கத்தின் கணக்கு ஒவ்வொரு மாதமும் கண்ணெதிரே அச்சில் வந்தபடியால், ஒவ்வோர் எஞ்சின்காரரும் தம் எஞ்சினின் குறையைத் தேடித் திருத்தினார். மாதப் பத்திரிகை ஒன்றினால் இத்தனை பயன் விளைந்ததென்பது எம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியே.

நம் நாட்டில் இப்பணி பின்னரே தொடங்கியது. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்துக் கிணறுகளில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் வைத்து இறைக்கும் முறையைப் பரவச் செய்தார். அதுவரை ஏற்றமும் கவலையுமே நமக்குத் துணை.

உஷ்ணமும் வேலையும்

உஷ்ணம் என்பது பொருள்களுக்குள் ஊறிக் கிடக்கும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு திரவம் என்று அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினர். 1798-ல் ரம்போர்டு பிரபு, மியூனிக் நகரத்து ஆயுதசாலையில் பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் சூட்டைக் கவனித்தார். மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளைக் கொண்டு சுழலச் செய்து, சுற்றிலும் தண்ணீரை நிரப்பியபோது, இரண்டரை மணி நேரத்தில் நெருப்பேயின்றி அத்தண்ணீர் கொதித்தது. துளையிடத் துளையிடச் சூடு வந்துகொண்டேயிருந்தது, அதற்கு முடிவில்லை. உள்ளே அடங்கிய திரவமாயின் அது ஒருநாள் தீர்ந்துபோக வேண்டுமன்றோ? குதிரையின் உழைப்பே சூடாக மாறியது என்பது விளங்கிற்று.

இன்ன அளவு உழைப்புக்கு இன்ன அளவு சூடு என்று நிச்சயித்தவர் ஜேம்ஸ் ஜூல் என்பவராவர். மான்செஸ்டர் நகரத்தை அடுத்து மதுபானத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்த இவர், 1840-க்குப் பிந்திய பத்தாண்டுகளில், மேலிருந்து இறங்கும் எடைக்கற்களைக் கொண்டு நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீரின் சூடு எவ்வளவு ஏறுகிறதென்று மிக நுட்பமாக அளந்தார். அவருடைய அளவை இன்றைய முறைப்படி கூறுவதானால், ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான உஷ்ணத்தை முழுவதும் வேலையாக மாற்றக் கூடுமாயின், அதே ஒரு லிட்டர் தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட உயரம் இது. கை வைத்தால் தெரியக்கூட முடியாத ஒரு டிகிரிச் சூட்டுக்குள் இத்தனை உழைப்பு அடங்கியிருக்கிறது.

சக்தி உருமாறுமேயன்றிப் புதிதாய்ப் பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்பதே இச்சாஸ்திரத்தின் முதல் விதி. வரவுக்கும் செலவுக்கும் இருப்புக்கும் ஒரு பைசாவும் பிசகாத பேரேடு என்று இதனைக் கொள்ளலாம். இனி இப்பேரேட்டை நமது எஞ்சினுக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 8,600 கிலோ காலரி உஷ்ணம் பிறக்கும். ஒரு கிலோ காலரி என்பது ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் அளவாகையால், 8,600-ஐ 427-ஆற் பெருக்க, சுமார் 36 லட்சத்து 70 ஆயிரம் கிலோகிராம்-மீட்டர் வேலை கிடைக்க வேண்டும். அதாவது, 10 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து ஒரே லிட்டர் டீசலால் 3,67,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவரலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் நிறுத்த வேண்டுவது சுமார் 2,02,000 லிட்டர். ஆகவே பேரேட்டின்படி ஒரு லிட்டர் டீசலில் ஒன்றே முக்கால் ஏக்கருக்கு மேல் ஒரு தண்ணீர் பாய வேண்டும்.

அவ்வாறு பாய்வதை எவரேனும் கண்டதுண்டா? நல்ல நிலையிலுள்ள ஐந்து குதிரை சக்தி எஞ்சினும் பம்பும் ஒரு லிட்டருக்கு அதே ஆழத்திலிருந்து 50,000 லிட்டர் இறைத்தால் அதுவே மெச்சத்தக்கது. அந்தக் கணக்கில் ஏக்கருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச 4 லிட்டர் ஆகும். கவனிப்பாரற்ற எஞ்சின்களில் இதுபோல் இரு மடங்கு எண்ணெய் ஆவது அரிதன்று. மீதி உஷ்ணம் எங்கே போயிற்று? அழிந்துபோகவில்லை என்பது உறுதி.

சிறிய டீசல் எஞ்சின்களுக்குத் தோராயமாகச் சொல்லும் பங்கீடு வருமாறு: நூறு பங்கு உஷ்ணத்தில் 30 பங்கு பிளைவீலைச் சுழற்றும் வேலையாகிறது. 33 பங்கு புகையோடு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. 27 பங்கு சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீரில் இறங்குகிறது. எஞ்சிய 10 பங்கு எஞ்சினின் உடலிலிருந்து காற்றில் கலக்கிறது. குளிர்விக்கும் நீரில் இறங்கும் 27 பங்கு சிறிய அளவென்று தோன்றலாம். ஒரு லிட்டர் டீசலுக்கு அது சுமார் 2,300 கிலோ காலரி. 77 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமானது.

மேட்டு நீரும் பள்ளத்து நீரும்

இவ்விடத்தில் புத்திசாலியான வாசகர் ஒருவர், “அந்தச் சுடுநீரிலுள்ள உஷ்ணத்தையும் புகையிலுள்ள உஷ்ணத்தையும் பிடித்துத் திரும்பவும் எஞ்சினுக்குள் செலுத்தினால் என்ன?” என்று கேட்கலாம். முதல் விதியின்படி அதற்குத் தடையில்லை. தடுப்பது இரண்டாம் விதி. இதனை முதலில் உணர்ந்தவர் ஸாதி கார்னோ என்னும் பிரெஞ்சு வாலிபர். இராணுவப் பொறியியல் கற்ற இவர் 1824-ல், நெருப்பின் இயக்கும் சக்தியைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அக்காலத்தில் அதனைப் படித்தவர் சிலரே. 1832-ல், 36-ஆம் வயதில், வாந்திபேதி கண்டு அவர் இறந்தார். 1850-ல் ஜெர்மனியில் கிளாஸியஸும், 1851-ல் பிரிட்டனில், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸனும் அவருடைய கருத்தை ஜூலின் அளவோடு பொருத்தி முழு உருவம் கொடுத்தனர்.

கார்னோ கூறியதை ஏரிப் பாசனக்காரர் எளிதில் உணர்வார். ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறதென்பது ஒன்று. அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறதென்பது வேறொன்று. கடலில் நீர் மிகுதியாய் இருந்தும் அதற்குக் கீழே பள்ளமில்லாமையால் அதைக்கொண்டு ஒரு சக்கரத்தையும் சுழற்ற முடியாது. மலையருவியில் நீர் சிறிதாயினும் வீழ்ச்சி பெரிது. அவ்வாறே உஷ்ணத்தின் அளவு வேறு, உஷ்ண நிலை வேறு. உஷ்ணம் தானாக ஓடுவது எப்போதும் உயர்ந்த உஷ்ண நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கே. அவ்வோட்டத்தின் நடுவே எஞ்சினை நிறுத்தி அதில் ஒரு பகுதியை வேலையாகக் கறந்துகொள்ளலாம். எஞ்சிய பகுதியைத் தாழ்ந்த நிலைக்கு விட்டே தீரவேண்டும். கடைமடை அடைத்த வாய்க்காலில் நீர் ஓடாததைப்போல, உஷ்ணத்தை வெளியே விடாத எஞ்சினும் ஓடாது.

கறக்கக் கூடிய பங்குக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதனைக் கணக்கிட, சாதாரண டிகிரியோடு 273-ஐக் கூட்டித் தனி உஷ்ண நிலையைக் காணவேண்டும். மேல் நிலையிலிருந்து கீழ் நிலையைக் கழித்து, வந்ததை மேல் நிலையால் வகுத்தால் வரம்பு கிடைக்கும். பழைய நீராவி எஞ்சினில் ஆவி 150 டிகிரி, குளிர்விக்கும் கலம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 423-லிருந்து 313-ஐக் கழிக்க 110. அதனை 423-ஆல் வகுக்க நூற்றுக்கு 26 வரும். எத்தனை நேர்த்தியாய்ச் செய்தாலும் அந்த எஞ்சினில் 26 பங்குக்கு மேல் எவராலும் பெற முடியாது. இனி நமது எஞ்சினின் 60 டிகிரிச் சுடுநீரைப் பார்ப்போம். வெளிக் காற்று 30 டிகிரியாயின், 333-க்கு 30, நூற்றுக்கு 9. இதிலும் உராய்வு முதலியன போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. அந்நீரில் உஷ்ணம் ஏராளம். ஆனால் அது கடல் மட்டத்து நீரைப் போன்றது. மாட்டுத் தொழுவத்துக் கலங்களைக் கழுவலாம், குளிக்கலாம். வேலை வாங்க முடியாது. புகை இதைவிடச் சூடானதாகையால், பெரிய எஞ்சின்களில் அதனைக் கொண்டு காற்றாடிச் சக்கரம் ஒன்றைச் சுழற்றி ஓரளவு மீட்கின்றனர். நமது சிறு எஞ்சினுக்கு அது கட்டுபடியாகாது. அப்புகையில் தானியம் உலர்த்த நினைப்பது தகாது; எண்ணெய்க் கரியும் நாற்றமும் தானியத்தில் ஏறும்.

டீசல் எஞ்சின் நீராவி எஞ்சினை வென்றதன் காரணமும் இவ்விதியிலேயே இருக்கிறது. ருடால்ப் டீசல் மியூனிக் நகரத்துக் கல்லூரியில் லிண்டே என்னும் ஆசிரியரிடம் கார்னோவின் தத்துவத்தைக் கேட்டு, நீராவி எஞ்சின்கள் உஷ்ணத்தின் பெரும் பகுதியை வீணாக்குவதை அறிந்து, மேல் உஷ்ண நிலையை உயர்த்த வழி தேடியவர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர். டீசல் எஞ்சினின் பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கும்போது அக்காற்றின் சூடு 500 டிகிரிக்கு மேற்படுகிறது. அதில் எண்ணெய் தூவப்பட்டவுடன் பொறியின்றியே பற்றிக்கொள்கிறது. எரியும் கணத்தில் 1,800 டிகிரி அளவை எட்டுகிறது. 1897-ல் அவர் ஆக்ஸ்பர்க் நகரத்தில் செய்து காட்டிய எஞ்சின் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கிற்று. 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது என்பது நமது கடலைச் சீமைக்காரர்கள் அறியத்தக்கது.

1,800 டிகிரிக்குக் கார்னோவின் வரம்பு நூற்றுக்கு 85. பிறகு ஏன் 30-ல் நிற்கிறது? அவ்வுச்ச நிலை ஒரு கணமே நிலைக்கிறது. பிஸ்டன் நகர நகர வாயு குளிர்கிறது. வாயு முற்றும் விரிந்து தணிவதற்குமுன் கதவு திறந்து புகை வெளியேறிவிடுகிறது. முற்றும் விரிய இடங்கொடுப்பதானால் சிலிண்டர் அளவுகடந்து நீளவேண்டும். இரும்பு அந்தச் சூட்டைத் தாங்காதாகையால் நீரால் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. சிறு சிலிண்டரில் வாயுவின் அளவுக்குச் சுவரின் பரப்பு அதிகம். ஆகவே சுவர் வழி நஷ்டமும் அதிகம். பெரிய கப்பல் எஞ்சின்கள் நூற்றுக்கு 50 பங்கு வரை பெறுகின்றன.

இங்கே மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. கவலை இழுக்கும் எருதும் தீனியை உள்ளே எரித்துத்தானே வேலை செய்கிறது. அதுவும் ஓர் உஷ்ண யந்திரமென்று பலர் எண்ணுவர். எருதின் உடல் உஷ்ணம் 38½ டிகிரி. வெளியில் 30 என்றால், வரம்பு நூற்றுக்கு 3-க்கும் குறைவு. ஆனால் தசைகள் தம்மிற் செலவாகும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் வேலையாக்குகின்றன. விதி பொய்த்ததோ என்றால் இல்லை. தசை, தீனியின் சக்தியை முதலில் உஷ்ணமாக்கிப் பிறகு வேலையாக்குவதில்லை; இரசாயன மாறுதலால் நேரே வேலையாக்குகிறது. ஆகவே கார்னோவின் வரம்பு அதற்குப் பொருந்தாது. உடலுக்கும் சக்திக் கணக்கு உண்டென்று முதலில் கண்டவர்களில் ராபர்ட் மேயர் ஒருவர். ஒல்லாந்தர் கப்பலில் வைத்தியராகச் சென்ற அவர், 1840-ல் ஜாவாத் தீவில் நோயாளிகளின் இரத்தக் குழாயைக் கீறியபோது, இரத்தம் குளிர்நாட்டிற் கண்டதைவிடச் சிவந்திருக்கக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உள்ளே குறைவாக எரித்தாற் போதும் என்று அதிலிருந்து ஊகித்து, சக்தி அழிவதில்லை என்னும் முடிவுக்கு வந்தார்.

நம் கையில் உள்ளது

மேற்கூறிய நஷ்டத்தில் பெரும்பகுதி இயற்கை விதியும் எஞ்சினின் அமைப்பும் விதித்த வரி. அதனைக் குறித்துக் குடியானவர் வருந்துவதிற் பயனில்லை. ஆனால் பிளைவீலுக்கு வந்து சேர்ந்த 30 பங்கும் வாய்க்காலுக்குப் போய்ச் சேருவதில்லை. அதில் வழியிற் சிந்துவதற்கு எந்த விதியும் காரணமன்று. பெல்ட்டில் 5 சதவீதம் போகட்டும்; நல்ல பம்பு 60 சதவீதமே கொடுக்கட்டும்; குழாய்களில் 20 சதவீதம் உராய்விற் போகட்டும். அப்போதும் 30 பங்கில் ஏறக்குறைய 14 பங்கு நீராக வெளிவரும். மேலே சொன்ன 50,000 லிட்டர் இக்கணக்கில் வந்ததே.

இதற்கும் குறைந்தால் முதலிற் பார்க்க வேண்டியது கிணற்றின் அடியிலுள்ள புட் வால்வு. துளைகள் சிறியனவாகவும் திறப்பு குறுகியதாகவும் உள்ள மலிவான வால்வு, நீரை மூச்சுத் திணறச் செய்யும். அடுத்தது குழாயின் விட்டம். ஒரே அளவு நீரைச் செலுத்தும்போது உராய்வு நஷ்டம் விட்டத்தின் ஐந்தாம் பெருக்கத்தை ஒட்டிக் குறைகிறது. இரண்டரை அங்குலக் குழாயை நீக்கி மூன்று அங்குலக் குழாய் போட்டால் உராய்வு ஐந்தில் இரண்டு பங்காகிவிடும். அரை அங்குல விலையை மிச்சம் பிடித்தவர் அதனை ஒவ்வொரு வருஷமும் டீசலாகக் கொடுத்துவருகிறார். கூர்மையான பெண்டுகள் எத்தனை குறைகின்றனவோ அத்தனை நலம்.

டெலிவரி குழாயின் வாயைத் தொட்டிக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் நிறுத்தி, நீர் அருவிபோல் விழுவதைக் கண்டு மகிழ்வோர் பலர் உளர். 10 மீட்டர் கிணற்றில் ஒரு மீட்டர் வீண் உயரம் என்பது பத்தில் ஒரு பங்கு எண்ணெய். குழாயைத் தாழ்த்திவிட்டால் செலவில்லாமல் அது மிச்சமாகும்.

எஞ்சினிலும் சில உண்டு. குளிர்விக்கும் நீர் சில்லென்று வெளிவருவதே எஞ்சினுக்கு நல்லதென்ற எண்ணம் தவறு. சிலிண்டர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மசகெண்ணெய் தடித்து உராய்வு கூடும்; எரிதலும் குறைபடும்; எரிந்த வாயுவிலுள்ள ஆவி சுவரில் நீராகப் படிந்து ரிங்குகள் விரைவில் தேயும். வெளிவரும் நீர் 60 டிகிரி அளவில் இருக்கும்படி திருகைச் சரிசெய்து கொள்ளலாம். எஞ்சினோடு வந்த குறிப்பேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே பிரமாணம். கரும்புகை என்பது எரியாமற் போகும் எண்ணெயே. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், அல்லது எஞ்சினுக்குத் தாங்காத பளு இருக்கலாம். ரிங்கு தேய்ந்து நெருக்கம் குறைந்தால் மேல் உஷ்ண நிலையே தாழ்ந்துவிடும். கார்னோவின் கணக்கில் அதன் பலன் உடனே தெரியும். மேலும் ஐந்து குதிரை சக்தி போதுமான கிணற்றில் பத்துக் குதிரை சக்தி எஞ்சினை வைப்பதும் வீணே. பாதிப் பளுவில் ஓடினாலும் அதன் உள் உராய்வு பெரும்பாலும் குறைவதில்லை.

ஆழ்ந்த கிணறுகளில் உறிஞ்சும் உயரத்தைக் குறைப்பதற்காக எஞ்சினையே உள்ளே இறக்கி ஓட்டுவோர் உண்டு. புகையில் விஷவாயு உண்டு. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். பிராண வாயுவும் குறையும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாண்டுபோவது இத்தகைய விபத்தின் இயல்பு. ஆகவே கிணற்றுக்குள் எஞ்சினை ஓட்டுவது ஒருக்காலும் கூடாது.

மின்சார மோட்டார் வைத்துள்ளோர், தமக்கு இந்த உஷ்ணக் கணக்குத் தேவையில்லையென்று எண்ணக் கூடும். பாதி உண்மையே. நிலக்கரியாலோ பழுப்பு நிலக்கரியாலோ பிறக்கும் மின்சாரமாயின், அந்த வரி மேட்டூரிலோ நெய்வேலியிலோ முன்னதாகவே செலுத்தப்பட்டுவிட்டது. எரித்த உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி குளிர்விக்கும் கோபுரங்களின் வழியாக ஆகாயத்துக்குச் செல்கிறது. 2019-ல் தொடங்கிய பி.எம். குஸும் திட்டத்தின்கீழ் பரவிவரும் சூரிய சக்திப் பம்புகளும் தம்மீது விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்களவே மின்சாரமாக்குகின்றன. ஒளிக்கு விலையில்லாமையால் அது நம்மை உறுத்துவதில்லை. ஆனால் புட் வால்வும் குழாயும் பெண்டும் எந்தச் சக்தியால் ஓடினும் ஒன்றே.

இரு விதிகளையும் அறிந்தவரை ஏமாற்றுவது கடினம். மோட்டார் பம்பைச் சுழற்ற, பம்பின் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மின்சாரம் உண்டாக்கி அதே மோட்டாரை ஓட்டும் என்று படம் காட்டி முன்பணம் கேட்பவர் வந்தால், ஒவ்வொரு கைமாற்றத்திலும் எவ்வளவு சிந்துகிறதென்று கேட்டாற் போதும். 1996-ல், மூலிகையைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் பெட்ரோலாகிறதென்ற பேச்சு தமிழ்நாட்டிலிருந்து எழுந்து தேசமெங்கும் பரவியது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்தபின் மிஞ்சிய சாம்பலுக்கு ஒப்பானது. சாம்பலை மறுபடி விறகாக்க, அவ்விறகு எரிந்தபோது கொடுத்ததற்குக் குறையாத சக்தியைத் திரும்பச் செலுத்த வேண்டும்.

தம் எஞ்சினின் நிலையை அறிய விரும்புவோர் கார்ன்வால்காரர்கள் செய்த பரீட்சையைத் தாமே செய்து பார்க்கலாம். டீசல் தொட்டியை ஒரு குறி வரை நிரப்பி, எஞ்சினைச் சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி அக்குறி வரை நிரப்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறதென்று அளக்க வேண்டும். இடையில் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் குழாயின் வாயில் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். கிணற்று நீர் மட்டத்திலிருந்து குழாயின் வாய் வரையுள்ள உயரத்தைக் கயிற்றால் அளக்க வேண்டும். உதாரணமாக, பீப்பாய் 16 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 45,000 லிட்டர். உயரம் 9 மீட்டரானால் 4,05,000 கிலோகிராம்-மீட்டர். டீசல் ஒன்றேகால் லிட்டர் ஆயிற்றென்றால், லிட்டருக்கு 3,24,000. ஐந்து லட்சத்தை நெருங்கினால் எஞ்சினும் பம்பும் செவ்வையாக உள்ளன. மூன்று லட்சத்துக்குக் கீழ் போனால் புட் வால்விலிருந்து தொடங்கித் தேடவேண்டும். ஒரு சமயத்தில் ஒரு திருத்தம் மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் திரும்ப அளப்பது நலம். கிணற்று நீர் மட்டத்தை, எஞ்சின் அரை மணி நேரம் ஓடி நீர் தாழ்ந்து நிலைத்த பிறகே அளக்கவேண்டும். ஓட்டத்துக்குமுன் அளந்தால் உயரம் குறைவாகக் காணப்பட்டு, எஞ்சினுக்கு நியாயம் கிடைக்காது.